குளிர்மலையில் குடியேறிய குடும்பம்

பிறந்த மண்ணை விட்டு வேற்றிடம் சென்று குடியேறியவர்களின் வரலாற்றை எழுதுவோர், அவர்கள் புறப்பட்ட நாளையும் போய்ச் சேர்ந்த நாளையும் தவறாமல் குறிக்கின்றனர். அதன்பின் வந்த முதல் குளிர்காலத்தைக் குறிப்போர் சிலரே. ஆயினும், குடியேறிய குடும்பம் ஒன்று புதிய இடத்தில் நிலைக்குமா, மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்புமா என்பது பெரும்பாலும் அந்தக் குளிர்காலத்திலேயே முடிவாகிறது. அடுப்புக்கு விறகு உண்டா, குடத்தில் நீர் உண்டா, அக்கம்பக்கத்தார் முகங்கொடுத்துப் பேசுகிறார்களா என்னும் சிறு கேள்விகளே அப்போது பெருங் கேள்விகள் ஆகின்றன. தில்லியிலும் கான்பூரிலும் நாகபுரியிலும் குடித்தனம் நடத்தும் தமிழ் நேயர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வடநாட்டு முதல் மார்கழியை நாம் யாரும் மறந்துவிடவில்லை.

இன்று நாம் கூற எடுத்துக்கொண்டது அத்தகைய ஒரு குடும்பத்தின் கதை. அது குடியேறிய இடம் திருப்பதிக்கு மேலுள்ள திருமலை. காலம் இராமானுசர் காலம். அதனைச் செவ்வையாக உணர்வதற்கு, முதலில் கடல் கடந்த வேறொரு குடும்பத்தின் வீட்டு வாயிலில் சற்றே நின்று செல்வது நலம். அந்த வீட்டின் தலைவி எழுத்து வல்லவர். தம் குளிர்காலங்களைத் தாமே எழுதி வைத்தார். திருமலைக் குடும்பத்தின் தலைவிக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

1832-ஆம் ஆண்டுக் கோடையில் தாமஸ் திரெயில் என்னும் படை அதிகாரி, தம் மனைவி காதரினுடன் கனடாவுக்குக் கப்பலேறினார். நெப்போலியனோடு நடந்த போர்கள் ஓய்ந்தபின், அரைச் சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட அதிகாரிகள் பலர் அந்நாளில் பிரிட்டனில் இருந்தனர். கனடாவில் நிலம் கிடைக்கும் என்பது அவர்களுக்கு ஒரு பற்றுக்கோடு. காதரின் இங்கிலாந்தில், சபோக் மாவட்டத்தில் நூல்களோடு வளர்ந்தவர். அவருடைய தங்கை சூசன்னா மூடியும் அதே ஆண்டில் கணவரோடு கனடா சென்றார். தம்பி சாமுவேல் ஸ்டிரிக்லண்ட் சில ஆண்டுகளுக்கு முன்பே அங்கே போயிருந்தார். வழியில் மான்ட்ரியல் நகரில் காதரினுக்கு வாந்திபேதி கண்டது, பிழைத்தெழுந்தார். பீட்டர்பரோ என்னும் ஊருக்கு வடக்கே, காட்டுக்கும் ஏரிக்கும் நடுவே அவர்கள் நிலம் பெற்றார்கள்.

அங்கே வீடு என்பது அடிமரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. மரங்களுக்கு இடையிலுள்ள சந்துகளைப் பாசியாலும் களிமண்ணாலும் அடைத்தாக வேண்டும். ஒரு சந்து விட்டுப்போனால் இரவெல்லாம் பனிக்காற்று உள்ளே புகும். சுவர் எழுப்ப வேண்டிய நாளில் அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் கூடிவந்து, கூலி பெறாமல் உழைத்து, மாலைக்குள் வெளிச்சுவர்களை நிறுத்திவிட்டனர். இத்தகைய கூட்டுவேலைக்கு அந்நாட்டார் ‘தேனீ’ என்று பெயர் வைத்திருந்தனர். பண்டம் கொண்டுவர ஏரி உறையும் வரை காத்திருந்து, பனிக்கட்டியின்மேல் சறுக்குவண்டி ஓட்டிச் செல்வார்கள். கொழுப்பை உருக்கி மெழுகுவத்தி வார்ப்பதும், அடுப்புச் சாம்பலிலிருந்து காரம் இறக்கிச் சவர்க்காரம் காய்ச்சுவதும் வீட்டுப் பெண்களின் வேலை. குளிர் தளரும் பருவத்தில் மேப்பிள் மரத்தின் சாற்றை வடித்துக் காய்ச்சிச் சர்க்கரை எடுப்பார்கள். இவற்றையெல்லாம் காதரின் தாயாருக்கு எழுதும் கடிதங்களைப்போல எழுதினார். அவை 1836-இல் நூலாயின. பின்னர், புதிதாக வரும் பெண்களுக்கென்றே ரொட்டி சுடுவது முதல் சர்க்கரை காய்ச்சுவது வரை கற்பிக்கும் கையேடு ஒன்றையும் வெளியிட்டார்.

தங்கை சூசன்னாவின் நூல் 1852-இல் வெளிவந்தது. அதில் கசப்பு மிகுதி. கடுங்குளிர் நாள் ஒன்றில் அவருடைய வீடு தீப்பற்றியது. கணவர் அருகில் இல்லை. மர அலமாரியின் இழுப்பறைகளை உருவி வெளியே பனியில் வைத்து, அவற்றுள் தம் குழந்தைகளைக் கிடத்திப் போர்வையால் மூடிவிட்டு, மற்றப் பொருள்களை மீட்க அந்தத் தாய் மீண்டும் ஓடினார். குடியேற்றம் என்னும் பெரிய சொல்லுக்குள் இவ்வளவும் அடங்கியிருக்கிறது. இந்த இரு பெண்களும் எழுதாதிருந்தால், அரசாங்கப் பதிவில் எஞ்சியிருப்பது கணவர்களின் பெயரும் நிலத்தின் அளவும் மட்டுமே.

இனி நம் மலைக்கு வருவோம்.

சித்தூரிலிருந்து வடகிழக்கே சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் திருப்பதி நகரம் இருக்கிறது. அதற்கு மேலே, கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் திருமலை. கனடாவின் உறைபனி இங்கே இல்லை. எனினும், சமவெளியின் வெயிலில் வளர்ந்த உடலுக்கு இந்த மலையின் மார்கழியும் தையும் எளியவை அல்ல. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்க்கும். பிறகு மூடுபனி இறங்கும். இரவு வெப்பம் 15 பாகைக்கும் கீழே போவதுண்டு. விறகு ஈரம் காயாது, துணி உலராது.

மழை மிகுதியாகப் பெய்தாலும் மலையில் நீர் நிற்பதில்லை. சேஷாசல மலைகள் பெரும்பாலும் குவார்ட்சைட் என்னும் மிகக் கடிய பாறையால் ஆனவை. அதன்மேல் மண் ஒரு மெல்லிய போர்வையாகவே கிடக்கிறது. பெய்த நீர் பாறையில் வழிந்து ஓடைகளாகக் கீழே இறங்கிவிடும். ஆகவே, இந்த மலையில் குடியிருக்க வந்தவன் மார்கழியில் குளிரால் துன்புறுவான்; சித்திரையில் நீரின்றித் துன்புறுவான். தோட்டம் போட விரும்புகிறவன் முதலில் குளம் வெட்டியாக வேண்டும். குளம் வெட்டுகிறவன் மண்வெட்டியை மட்டும் நம்பினால் பயனில்லை, கடப்பாரை வேண்டும்.

அந்நாளில் மலைமேல் வழிபாடு உண்டு. வாழ்க்கை மிகக் குறைவு. திருமலைக் கல்வெட்டுகளுள் பழமையானவற்றில் ஒன்று, 966-ஆம் ஆண்டை ஒட்டியதாக அறிஞர் கணிக்கும் சாமவை என்னும் பல்லவர்குல அரசியின் கல்வெட்டு. வெள்ளித் திருமேனி ஒன்றையும் நிலத்தையும் அவள் கோயிலுக்கு அளித்தாள். அந்நாளில் கோயிற் காரியங்களைக் கவனித்தவர்கள் கீழேயுள்ள திருச்சானூர்ச் சபையார். மலையில் நெல் விளையாது. அரிசியும் பருப்பும் நெய்யும் கீழேயிருந்துதான் ஏறியாக வேண்டும். வண்டிப்பாதை அமைந்ததோ 1944-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் வந்தவர் எவராயினும் தம் கால்களையோ பிறர் தோள்களையோ நம்பி ஏறியவரே.

இத்தகைய மலைக்கு ஒரு குடும்பம் ஏன் குடியேறியது? வைணவ மரபு கூறும் கதை இது. திருவரங்கத்தில் இராமானுசர் திருவாய்மொழிக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தார். திருவேங்கடத்தைப் பாடும் பதிகம் வந்தது. அம்மலையில் நாள்தோறும் மலர்த்தொண்டு செய்ய யார் போவீர் என்று அவர் அவையினரை வினவினார். அவையில் புலவர் பலர் இருந்தனர். பக்தர் பலர் இருந்தனர். மலையின் குளிரை எண்ணி எல்லோரும் வாளாவிருந்தனர். ஒருவர் மட்டும் எழுந்தார். அவர் பெயர் அனந்தன். மைசூர் வட்டாரத்துச் சிறுபுத்தூரில், மரபுக் கணக்கின்படி 1053-ஆம் ஆண்டில் பிறந்தவர். குளிருக்கு அஞ்சாத நீயே ஆண்பிள்ளை என்று ஆசிரியர் பாராட்டினாராம். அதனாலேயே அனந்தாழ்வானுக்கு அனந்தாண்பிள்ளை என்னும் பெயரும் வழங்குகிறது.

இந்தக் கதையில் நம் கருத்தைக் கவர்வது, அவையோர் தயங்கியதற்குச் சொல்லப்படும் காரணம். கொடுவிலங்கையோ கள்வரையோ வறுமையையோ மரபு முதலிற் கூறவில்லை, குளிரைக் கூறுகிறது. ஆசையோடு ஓர் ஊரைப் பாடுவது வேறு. அவ்வூரின் குளிரில் போய் உட்காருவது வேறு. இந்த வேறுபாட்டை அறிந்தவர்கள்தாம் அந்தக் கதையை முதலிற் சொல்லியிருக்க வேண்டும்.

அனந்தாழ்வான் தனியே போகவில்லை. மனைவியையும் உடன் அழைத்துச் சென்றார். ஆண்பிள்ளை என்னும் பட்டம் பெற்றவர் ஒருவர்; குளிர்மலைக்கு ஏறியவர்கள் இருவர். நாம் கேட்டு வளர்ந்த கதையில் அந்த அம்மையாருக்குப் பெயரில்லை. ‘அனந்தாழ்வானின் மனைவி’ என்ற அளவில் நிற்கிறார். அவருடைய வேலை மட்டும் மறைந்துவிடவில்லை. கணவர் கடப்பாரையால் பாறைமண்ணைப் பெயர்த்தார். மனைவி அதனைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து அப்பால் கொண்டுபோய்க் கொட்டினார். அப்போது அவர் கருவுற்றிருந்தார்.

மேலே நடந்ததாக மரபு கூறுவதைப் பலரும் அறிவர். சிறுவன் ஒருவன் வந்து, சுமக்க முடியாத அந்த அம்மையாரிடமிருந்து பாதி வழியில் கூடையை வாங்கிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்தான். மனைவி முன்னினும் விரைவாகத் திரும்பி வருவதைக் கணவர் கண்டார், காரணம் கேட்டார். தம் தொண்டில் பிறன் ஒருவன் பங்கு கொள்வதா என்று சினந்து, சிறுவனை நோக்கிக் கடப்பாரையை வீசினார். அது அவன் மோவாயில் பட்டது. சிறுவன் மறைந்தான், கோயிலில் இறைவனின் மோவாயில் குருதி கசிந்தது. அங்கே பச்சைக் கருப்பூரம் வைத்து ஆற்றினார்கள். இன்றும் திருவேங்கடவனின் மோவாயில் கருப்பூரம் சாத்தப்படுகிறது. அந்தக் கடப்பாரை எனப்படுவது கோயிலின் பெருவாயிலில், உள்ளே நுழைவோரின் வலப்புறம் காணப்படுகிறது.

நம்பிக்கையின் கண்ணால் இதைக் காண்போர் காணட்டும்; அதில் நாம் குறுக்கிடவில்லை. வரலாற்றின் கண்ணுக்கும் இதில் வேலை உண்டு. இறைவன் வந்த கதைக்குள்ளே ஒரு வீட்டின் வேலைப் பங்கீடு இருக்கிறது. வெட்டுவது ஆண், சுமப்பது பெண். அவள் நடந்து போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்பது கணவருக்குத் தெரியும். அந்த அளவு சற்றே குறைந்தவுடன் கண்டுபிடித்துவிடுகிறார். பிள்ளைத்தாய்ச்சி மண் சுமப்பது துன்பம் என்று கதையில் முதலிற் கண்டவன் யாரோ ஒரு சிறுவன். கனடாவில் சூசன்னா தாமே எழுதியதை, இங்கே ஊர் மக்கள் ஒரு தெய்வக் கதையாக்கிக் காத்திருக்கின்றனர் என்று கொள்வதில் தவறில்லை.

குளம் அமைந்தது, அதையடுத்து நந்தவனம் அமைந்தது. அதற்கு இராமானுச நந்தவனம் என்று பெயரிட்டார்கள். அந்தக் குடும்பத்தின் மார்கழி நாள் எப்படி இருந்திருக்கும் என்பதைத் தோட்டமும் கோயிலும் அறிந்தவர்கள் எளிதில் ஊகிக்கலாம். குளிரில் மல்லிகை அரும்புவது அருகும். துளசியும் மருவும் தவனமும் நந்தியாவட்டையும் கைகொடுக்கும். துவாதசியன்று துளசி பறிக்கலாகாது. ஆகையால் முன்னாளே பறித்து ஈரத்துணியில் காக்க வேண்டும். பனி சொட்டும் செடிகளில் கைவைத்து இலை கிள்ளினால் சிறிது நேரத்தில் விரல் மரத்துவிடும். அந்த விரலாலேயே வாழைநாரில் மாலை தொடுக்க வேண்டும். அடுப்பில் ஈரவிறகு புகையும். இவ்வளவுக்கும் இடையே கோயிலின் காலம் ஒருவருக்காகவும் காத்திராது. பூசை வேளைக்கு மாலை போய்ச் சேர வேண்டும், நாள் தவறலாகாது. ஒருநாள் திருவிழாவுக்குப் பூக் கொண்டுபோவது பக்தி. ஆண்டு முழுவதும் கொண்டுபோவது பக்தியோடு குடித்தனமும் ஆகும்.

இந்த அன்றாட உழைப்பில் ஊன்றியவரின் மனப்போக்கைக் காட்டும் கதைகள் மேலும் சில உண்டு. மாலை தொடுத்துக்கொண்டிருந்தபோது இறைவனே அழைத்தும், தொடுத்து முடித்த பிறகே அவர் எழுந்து போனாராம். பூப்பறிக்கையில் பாம்பு தீண்டியபோது மருத்துவத்தை நாடாமல் வேலையைத் தொடர்ந்தாராம். இவற்றினும் நம் நெஞ்சைத் தொடுவது எறும்புக் கதை. ஒருமுறை மலையிலிருந்து வெளியூர்ப் பயணம் சென்றவர், வழியில் கட்டுச்சோற்றை அவிழ்த்தார். கோயில் பிரசாதமாகிய அந்தச் சோற்றில் எறும்புகள் ஊர்ந்தன. மலையை விட்டுப் பிரிய மனமில்லாத அடியார்களே எறும்புகளாய்ப் பிறந்திருந்தால் என் செய்வது என்று எண்ணி, உண்ணாமல் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பி மலையேறி, அவற்றை அவற்றின் இடத்திலேயே விட்டுவந்தாராம். தாம் சொந்த ஊரை விட்டு வந்தவர் என்பதனால்தானோ என்னவோ, ஓர் எறும்பையும் அதன் ஊரிலிருந்து பிரிக்க அவர் மனம் ஒப்பவில்லை.

குடியேறியவரை மலை எப்படி ஏற்றுக்கொண்டது என்பதற்கும் ஒரு கதை உண்டு. நந்தவனத்துக்கு இரவில் இளைஞன் ஒருவனும் பெண் ஒருத்தியும் வந்து பூக்களைப் பறித்துக்கொண்டிருந்தனர். காவல் இருந்த அனந்தாழ்வான் பெண்ணைப் பிடித்து மரத்தில் கட்டிவிட்டார். இளைஞன் கோயிலை இடமாகச் சுற்றி ஓடி மறைந்தான். காலையில்தான் அவள் திருமகள் என்று தெரிந்தது. பூக்கூடையில் வைத்து மகளைப்போல அவளைக் கோயிலுக்குக் கொண்டுசேர்த்தார். அன்றுமுதல் அவர் வேங்கடவனுக்கு மாமனார் ஆனார் என்பர். பிரம்மோற்சவம் முடிந்த மறுநாள் நடைபெறும் பாக்சவாரித் திருவிழாவில், இறைவன் வழக்கத்துக்கு மாறாக இடமாகச் சுற்றி அத்தோட்டத்துக்கு எழுந்தருளுவது இந்த நிகழ்ச்சியின் நினைவாகவே. வந்தேறிய தோட்டக்காரர், ஊரின் தலைவனுக்கு உறவினர் ஆகிவிட்டார். தமிழரிடையே உறவுமுறை வைத்து அழைத்த பிறகு அயலார் என்பது ஏது?

திருமலையில் குடியேறியது இந்த ஒரு குடும்பம் மட்டும் அன்று. இராமானுசரின் அம்மானாகிய திருமலை நம்பி, கோயிலுக்கு நீர் கொணரும் தொண்டை மேற்கொண்டு முன்னரே அங்கு வாழ்ந்தவர். நெடுந்தொலைவிலுள்ள பாபவிநாசத்திலிருந்து குடம் சுமந்தவர் என்று மரபு போற்றுகிறது. ஒருவர் நீர், ஒருவர் மலர். குடியேறிய தமிழ்மரபினர் அந்த மலைக்கு முதலில் கொடுத்தவை இவையே. பின்னர் வந்தவர்களுள் தாள்ளபாக்கம் அன்னமாசாரியர் தெலுங்கு கீர்த்தனங்களைக் கொடுத்தார். 18-ஆம் நூற்றாண்டில் சித்தூர்ச் சீமையின் தரிகொண்டாவில் பிறந்த வெங்கமாம்பா, இளமையிலேயே கணவனை இழந்து, ஊராரின் ஏச்சைக் கடந்து மலைக்கு வந்து கவி பாடி வாழ்ந்தார். நாள்தோறும் பல்லாயிரவர் உண்ணும் அன்னதான மண்டபம் இன்று அவர் பெயரால் விளங்குகிறது. ஆகத் திருமலை என்பது வந்தவர்கள் ஆக்கிய ஊர்.

கல்வெட்டுகளும் இதற்குச் சான்று தருகின்றன. திருமலை திருப்பதிக் கோயில்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டுள்ளன; அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. சாது சுப்பிரமணிய சாஸ்திரி போன்ற அறிஞரின் உழைப்பால் 1930-களில் அவை தொகுதிகளாக வெளிவந்தன. நந்தவனங்களுக்கும் திருமாலைப் பணிக்கும் விடப்பட்ட கொடைகள் அவற்றில் பலமுறை வருகின்றன. ஒரு குடும்பம் குளிரில் தொடங்கிய வேலை, பின்வந்தோர் பலர் பொன்னும் நிலமும் கொடுத்து நடத்தும் அறமாக வளர்ந்ததை அங்கே காண்கிறோம். திருமலையில் எவரும் பூச்சூடுவதில்லை என்னும் வழக்கம் இன்றும் நிலவுகிறது. மலையின் பூவெல்லாம் இறைவனுக்கே என்பது அதன் கருத்து. தோட்டக்காரரின் உழைப்புக்கு இதைவிடப் பெரிய மதிப்பு வேறு என்ன?

மொழிபெயர்ப்பை அன்றாடத் தொழிலாகக் கொண்ட நம் போன்றோருக்கு, அனந்தாழ்வானின் வாழ்வில் மற்றொரு சிறப்பும் புலப்படுகிறது. அவர் பிறந்தது கன்னட நாடு. உள்ளம் பறிகொடுத்தது தமிழ்ப் பாசுரத்துக்கு. திருமலை வரலாற்றைக் கூறும் வேங்கடாசல இதிகாசமாலை என்னும் வடமொழி நூல் அவர் பெயரால் வழங்குகிறது. அவருடைய தோட்டம் இன்று தெலுங்கில் புருசைவாரி தோட்டம் எனப்படுகிறது. அத்தோட்டத்துக்கு இறைவன் வரும் விழாவின் பெயரிலுள்ள ‘பாக்’ பாரசீகச் சொல். அதற்கும் தோட்டம் என்பதே பொருள். அனந்தாழ்வான் அங்கே ஒரு மகிழமரமாக நிற்பதாக நம்புகிறார்கள். தமிழில் மகிழம், வடமொழியில் வகுளம், தெலுங்கில் பொகட. பெயர் எத்தனையாயினும் மரமும் மணமும் ஒன்றே. நம்மாழ்வாருக்கு உரிய மலரும் மகிழமே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இந்த எல்லைப்புறத்தின் வரலாறும் அத்தகையதே. சித்தூர் ஒருகாலத்தில் வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகரம். 1911-இல் சித்தூர் தனி மாவட்டம் ஆயிற்று. 1953-இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960-இல் அதிலிருந்து திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. இங்கே வாழும் குடும்பங்கள் பல, வீடு மாறாமலே மாநிலம் மாறியவை. வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி என்று வாழ்வது இவர்களுக்குப் பழக்கம். மார்கழி வந்தால் திருமலையில் சுப்பிரபாதத்துக்கு மாறாகத் தமிழ்த் திருப்பாவை ஒலிக்கிறது. தெலுங்கு பேசும் பக்தர்கள் அதைத் தங்கள் பாட்டாகவே கேட்கிறார்கள்.

குளிரும் காடும் இன்றும் அங்கிருந்து அகன்றுவிடவில்லை. 2023-இல் படிவழியில் சிறுத்தையால் ஒரு குழந்தை உயிரிழந்தது. அதன்பின் நடந்தேறுவோருக்குத் தேவஸ்தானத்தார் கைத்தடி வழங்கினர். ஊருக்கு நீர் சேர்ப்பது இன்றும் முதற் கவலையே. கோகர்ப்பம், பாபவிநாசம், குமாரதாரை முதலிய அணைகள் பெய்யும் மழையைத் தேக்கிக் காக்கின்றன. ஒரு கணவனும் மனைவியும் கடப்பாரையும் கூடையும் கொண்டு செய்ததையே, அரசும் பொறியாளரும் பெரிய அளவில் செய்கின்றனர்.

குடியேறியவர் புதிய ஊருக்கு எப்போது உரியவர் ஆகிறார்? ஆண்டுகள் பல கழிந்தால் என்பர் சிலர். சொந்த வீடு வாங்கினால் என்பர் சிலர். மொழி கற்றால் என்பர் வேறு சிலர். மேலே கண்ட இரு குடும்பங்களும் வேறொரு விடை தருகின்றன. கனடாவில் காதரின் குளிர்காலங்களைக் கடந்து, அந்நாட்டுக் காட்டுப் பூக்களை ஒவ்வொன்றாக அறிந்து, 1868-இல் கனடாவின் காட்டு மலர்களைப் பற்றி அரிய நூலொன்றை வெளியிட்டார். அயல்நாட்டிலிருந்து வந்த பெண் அந்நாட்டாருக்கு அவர்கள் மண்ணின் மலர்களைச் சொல்லிக் கொடுத்தார். திருமலையில் அனந்தாழ்வானும் அவர் மனைவியும் பூவுக்கு வழியில்லாத இடத்தில் பூவை உண்டாக்கினார்கள். ஊருக்கு எது குறைவோ அதை நாள் தவறாமல் கொடுத்துவந்தால், ஊர் நம்மை உறவுமுறை சொல்லி அழைக்கத் தொடங்குகிறது. நாம் வாழும் நகரங்களிலும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே: இந்த ஊரிலிருந்து நாம் பெற்றது இவ்வளவு, இந்த ஊருக்கு நாம் வெட்டிய குளம் எது?

அதனோடு மற்றொன்றையும் கேட்டுக்கொள்வது நன்று. மாற்றல் உத்தரவு கணவன் பெயருக்கு வருகிறது; அயலூரின் குளிரில் வீட்டை நிலைநிறுத்தும் வேலை பெரும்பாலும் மனைவியின் தலையில் ஏறுகிறது. தெரியாத மொழியில் பால்காரரோடு கணக்குத் தீர்ப்பதும், குழந்தையின் பள்ளிக்கு அலைவதும், அரிசிக்கும் புளிக்கும் கடை தேடுவதும் எந்தப் பணிப்பதிவேட்டிலும் ஏறுவதில்லை. காதரினும் சூசன்னாவும் தாமே எழுதிக்கொண்டார்கள். எழுதாதவர்களுக்காக எழுதுவது மற்றவர் கடமை.

நேயர்கள் அடுத்தமுறை திருமலைக்குச் செல்லும்போது, பெருவாயிலில் வலப்புறம் சற்றே நிமிர்ந்து நோக்குங்கள். அனந்தாழ்வானின் கடப்பாரை தெரியும். அவர் மனைவி சுமந்த கூடை அங்கே இல்லை. இரும்பு நின்றது, மூங்கில் மக்கிப்போயிற்று. ஆனால் அந்தக் குளத்தில் நீர் நின்றதற்குக் கடப்பாரை எவ்வளவு காரணமோ, கூடையும் அவ்வளவு காரணம் என்பதை நாம் மறவாதிருப்போமாக.